நீல எரிபொருளும் பச்சைப் புள்ளியும்

2018 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகருக்கு வெளியே உள்ள ஒரு சிறிய விமானத் திடலில், எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த விமானி ஒருவர் தம்முடைய செஸ்னா 172 விமானத்தின் இறக்கைக்கு அடியில் குனிந்து, இரண்டு விரல் தடிமனுள்ள தெளிவான குழாய் ஒன்றில் கொஞ்சம் எரிபொருளை வடித்து, அதை வானத்து வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி என் மகளிடம் காட்டினார். அது வெளிர் நீல நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் அது கனத்தால் அடியில் தனியே தங்கிவிடும் என்றும், பறக்கும்போது அந்தத் துளி இயந்திரத்தை எட்டினால் இயந்திரம் நின்றுவிடக்கூடும் என்றும், எனவே ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் இப்படிப் பார்த்தே தீர வேண்டும் என்றும் அவர் ஒன்பது வயதுக் குழந்தைக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். "நிறம் மாறியிருந்தா பறக்கக் கூடாது, அப்படித்தானேப்பா?" என்று அவள் என்னிடம் திரும்பிக் கேட்டபோது, அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவனாக நான் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன், அவர் ஆம் என்று தலையசைத்தார்.

அன்று நடந்தது 'யங் ஈகிள்ஸ்' என்னும் நிகழ்ச்சி. 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளை விமானிகள் தங்கள் சொந்த விமானத்தில், தங்கள் கைக்காசில் எரிபொருள் நிரப்பி, கட்டணம் எதுவும் பெறாமல் பதினைந்து இருபது நிமிடம் வானில் அழைத்துச் சென்று வரும் இந்த ஏற்பாட்டை, எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்னும் சிறு விமான ஆர்வலர்களின் ஈ.ஏ.ஏ. அமைப்பு 1992-இல் தொடங்கியது. இதன் வழியாக இதுவரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பறந்திருக்கிறார்கள். இருபது லட்சமாவது பறப்பை 2016-இல் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு விமானியாக அமர்ந்து நடத்தினார். ஊர்தோறும் உள்ள இந்த அமைப்பின் கிளைகள் சனிக்கிழமைக் காலையில் விமானக் கொட்டகையான ஹேங்கரின் கதவைத் திறந்து, பான்கேக் சுட்டு, அக்கம்பக்கத்தாரை அழைத்து உட்காரவைப்பது வழக்கம். சிறுவயதில் திரிசூலம் ரயில் நிலைய நடைமேடையில் நின்று மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணிய எனக்கு, விமான நிலையம் என்றால் வேலிக்கு அப்பால் இருப்பது என்ற எண்ணம் நாற்பது வயது வரை மாறவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அது மாறியது. அதன் பிறகுதான் அதே ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், ஈ.ஏ.ஏ. நடத்தும் பெரிய விமானக் கூடுகையைக் காண ஆஷ்காஷ் நகருக்குச் சென்றோம்.

ஆஷ்காஷ், விஸ்கான்சின் மாநிலத்தில் வின்னபேகோ ஏரிக்கரையில் ஏறத்தாழ 66,000 பேர் வாழும் நகரம். அதன் விட்மன் வட்டார விமான நிலையம் கவுன்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது; பயணிகள் விமான நிறுவனம் எதுவும் அங்கிருந்து சேவை நடத்துவதில்லை. தனியார் சிறு விமானங்களும் பயிற்சிப் பறப்பும் பழுதுபார்ப்பும்தான் அதன் அன்றாடம். 1931 முதல் 1969 வரை அதன் மேலாளராக இருந்து, பந்தய விமானங்களைத் தாமே வடிவமைத்துத் தாமே ஓட்டிய ஸ்டீவ் விட்மனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1953-இல் பால் போபெரெஸ்னி தம் வீட்டின் நிலவறையில் தொடங்கிய ஈ.ஏ.ஏ., அதே ஆண்டு மில்வாக்கியில் நடத்திய முதல் கூடுகைக்கு வந்த விமானங்கள் இருபத்தொன்றுதான். 1959-இல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டுக்கும் 1970-இல் ஆஷ்காஷுக்கும் இடம்பெயர்ந்த அந்தக் கூடுகையே இன்று ஏர்வெஞ்சர் என்று அழைக்கப்படுகிறது. 2024-இல் அதற்கு வந்தவர்கள் 6,86,000 பேர், அதாவது ஊரின் மக்கள்தொகையைப் போல் பத்து மடங்கு. 2023-இல் பதினோரு நாள்களில் அந்த ஒரே நிலையத்தில் விமானங்கள் ஏறியதும் இறங்கியதும் சேர்த்து 21,883 முறை. அந்த நாள்களில் உலகிலேயே மிகுந்த நெரிசலுள்ள கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான்.

இந்த எண்கள் எப்படிச் சாத்தியமாகின்றன என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் வயல்களுக்கு நடுவே உள்ள ஃபிஸ்க் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். நம் ரிப்பன் மாளிகையை நினைவூட்டும் ரிப்பன் என்ற சிறுநகரத்துக்கு மேலே வந்து சேரும் விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக அரை மைல் இடைவெளி விட்டு, 1,800 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில், கீழே ஓடும் ரயில் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஃபிஸ்கை நோக்கி வருகின்றன. அங்கே தரையில் இளஞ்சிவப்புச் சட்டை அணிந்த கட்டுப்பாட்டாளர்கள் ரேடார் திரை எதுவுமின்றித் தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்து, விமானத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லி அழைக்கிறார்கள். மஞ்சள் நிறமுள்ள மேலிறக்கை விமானம் என்றால் அதுவே அதன் பெயர். விமானி வாய் திறந்து பதில் சொல்லக் கூடாது. இறக்கைகளை இருபுறமும் அசைத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரே அலைவரிசையில் அத்தனை பேரும் பேசத் தொடங்கினால் ஒருவர் குரலும் கேட்காது என்பதால் வகுக்கப்பட்ட முறை இது. என் மகள் கையில் சிறிய வானொலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டளை காதில் விழுந்த மறுநொடியே தலைக்கு மேலே அந்த விமானம் இறக்கையை ஆட்டுவதைக் கண்டு, தானும் ஒவ்வொரு முறையும் கையை விரித்து ஆட்டினாள். கட்டளையிட்டவரும் கீழ்ப்படிந்தவரும் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்கள். அந்தச் சில நொடிகளில் இருவருக்கும் இடையே இருந்த நம்பிக்கையை நான் வேறு எந்த அலுவல் இடத்திலும் பார்த்ததில்லை.

ஓடுபாதையின் மேல் பச்சை, ஆரஞ்சு என்று பெரிய வண்ணப் புள்ளிகள் தீட்டப்பட்டிருக்கும். முதலில் வருபவரைத் தொலைவிலுள்ள புள்ளியிலும் அடுத்தவரை அதற்கு முந்திய புள்ளியிலும் இறங்கச் சொல்வதால், வழக்கமாக ஒரு விமானம் மட்டுமே இருக்கக்கூடிய பாதையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று விமானங்கள் தரை தொடுகின்றன. இறங்கியவுடன் அவை புல்வெளிக்குத் திருப்பப்படுகின்றன. கொடி பிடித்து வழிகாட்டி, வரிசையில் நிறுத்தி, முளை அடித்துக் கட்டுவதற்கு உதவுபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். அந்த வாரத்தில் பணியாற்றும் தன்னார்வலர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருபதாவது ஆண்டாகத் தாம் அதே வாயிலில் நிற்பதாக எங்களிடம் சொன்னார். மாலையில் ஒவ்வொரு விமானத்தின் இறக்கைக்குக் கீழும் ஒரு கூடாரம் முளைத்து, அடுப்பு பற்றவைக்கப்பட்டு, அடுத்த கூடாரத்துக்காரர் நாற்காலியோடு வந்து அமர்ந்துவிடுகிறார்.

தொழில்துறை இந்தக் கூடாரங்களுக்கு வெகு தொலைவில் இருப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். விமானம் செய்யும் நிறுவனங்கள் புதிய வடிவங்களை இங்கேதான் முதலில் கொண்டுவந்து நிறுத்துகின்றன, எஃப்.ஏ.ஏ. எனப்படும் அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் விமானிகளுக்கு எதிரே அமர்ந்து கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் கூட்டமும் இங்கே நடக்கிறது. உறவு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 2013-இல் மத்திய அரசின் செலவுக் குறைப்பைக் காரணம் காட்டி, அந்த வாரத்துக்கான கட்டுப்பாட்டாளர்களின் செலவாக ஏறத்தாழ 4,47,000 டாலரை ஆணையம் ஈ.ஏ.ஏ.விடம் கேட்டது, அமைப்பு பணத்தைக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்கும் சென்றது. ஆனாலும் இரு தரப்பும் அடுத்த ஆண்டும் அதே புல்வெளிக்கு வரத்தான் செய்தன.

அந்த நீல எரிபொருளுக்கும் இங்கேதான் நான் விளக்கம் பெற்றேன். அதில் ஈயம் கலந்திருக்கிறது. கார் பெட்ரோலிலிருந்து ஈயம் விலக்கப்பட்டுப் பல ஆண்டுகளான பின்பும், பழைய விமான இயந்திரங்களில் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து எரியாமல் இருப்பதற்காகச் சிறு விமானங்களின் பெட்ரோலில் அது தொடர்கிறது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டி, ரீட்-ஹில்வியூ நிலையத்தின் அருகில் வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் உள்ள ஈயத்தை ஆராய்ந்த பின், 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஈயம் கலந்த எரிபொருளின் விற்பனையை நிறுத்தியது. 2030 இறுதிக்குள் நாடு முழுவதும் அதை விலக்க வேண்டும் என்று ஆணையமும் தொழில்துறையும் 2022-இல் இலக்கு வைத்துக்கொண்டன. ஈயமில்லா எரிபொருளைப் பற்றிய ஓர் அமர்வில் நான் உட்கார்ந்திருந்தேன். எரிபொருளை உருவாக்கியவர் மேடையில் இருக்க, இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் ஒருவர் எழுந்து, தொட்டியின் உட்பூச்சும் ரப்பர் வளையங்களும் இதைத் தாங்குமா என்று விடாமல் கேட்டார். அதைப் பயன்படுத்தப் போகிறவர் கேட்ட கேள்வி அது. வேலிக்கு வெளியே குழந்தைகளோடு வாழும் குடும்பங்களும் அந்த நாற்காலிகளில் இன்னும் அதிகமாக அமர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம், ஏனென்றால் அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் அவர்கள்தாம்.

2018-இல் அங்கே ஒரு கொட்டகையில், வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி.-12 வகை விமானம் ஒன்றை ஏழே நாள்களில் கட்டி முடிக்கும் வேலை பொதுமக்களின் கண்ணெதிரே நடந்தது. யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று, தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் ஒன்றை அடித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். என் மகள் பெரியதொரு பாதுகாப்புக் கண்ணாடியை மூக்கில் நிறுத்திக்கொண்டு, கருவியின் பிடியை இரண்டு கைகளாலும் அழுத்தினாள். முதலில் ஒன்றும் அசையவில்லை. அருகில் நின்ற அம்மையார் கருவியின் முனையைத் தகட்டோடு நேராகப் பொருத்திக் கொடுத்த பின், 'டிக்' என்ற ஒலியுடன் ரிவெட்டின் தண்டு முறிந்து வெளியே வந்தது. அந்தத் தண்டை அவள் இன்றும் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். பதிவேட்டில் தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆஷ்காஷ் வளாகம் 2017-இல் செய்த ஆய்வு அந்த ஒரு வாரத்தால் சுற்றியுள்ள ஐந்து கவுன்டிகளுக்குக் கிடைக்கும் பொருளாதாரப் பலனை 17 கோடி டாலர் என்று மதிப்பிட்டதைச் சொல்லலாம். விடுதி அறைகளைப் பல்கலைக்கழகமும் வீடுகளை ஊராரும் வாடகைக்கு விடுகிறார்கள். பணத்தைவிட, அந்த நிலையத்தை ஊர் தன்னுடையதாக நினைப்பதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். சிகாகோவின் ஏரிக்கரையில் இருந்த மெக்ஸ் ஃபீல்டு நிலையத்தை நினைத்தால் இது விளங்கும். 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவுப்படி புல்டோசர்கள் நுழைந்து, விடிவதற்குள் ஓடுபாதையில் பெருக்கல் குறி வடிவில் பள்ளங்களைத் தோண்டின. நின்றிருந்த விமானங்கள் அங்கேயே சிக்கிக்கொண்டன. எஃப்.ஏ.ஏ. ஆணையம் பின்னர் நகர நிர்வாகத்துக்கு விதித்த அபராதம் 33,000 டாலர். நிலையத்தைக் காக்க ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள் இருந்தும், நகர மக்களில் பெரும்பாலோருக்கு அது வசதி படைத்தவர்களின் இடமாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கதவு திறக்கப்படாத இடத்தைப் பூட்டுவது எளிது.

என் மகளை முதன்முதலில் பறக்கவைத்த பெரியவர், அடுத்த சில ஆண்டுகளில் இரத்த அழுத்தம் கூடியதால், மருத்துவச் சான்றிதழ் மறுக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சி அதைப் புதுப்பிக்காமலே விட்டுவிட்டார். அந்தச் சான்றிதழுக்கு மாற்றாக 2017-இல் வந்த எளிய முறைக்கும் மருத்துவரின் கையெழுத்து வேண்டும் என்பதால் அதையும் தவிர்த்தார். விமானத்தை விற்க மனமின்றி, வாரம் ஒரு முறை வந்து துடைத்துவிட்டுப் போவார். 2025 ஜூலை 22 அன்று ஆஷ்காஷில், பத்தாண்டுகளுக்கும் மேலாக அங்கே வாதிடப்பட்டு வந்த, 'மொசைக்' எனப்படும் எஃப்.ஏ.ஏ.வின் புதிய விதி அறிவிக்கப்பட்டபோது அவர் எங்களுக்கு முந்திய வரிசையில் இருந்தார். ஸ்போர்ட் விமானி என்ற எளிய தகுதியில், ஓட்டுநர் உரிமத்தையே உடல்நலச் சான்றாகக் கொண்டு, பகலில், ஒரே ஒரு பயணியுடன், செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தையும் ஓட்ட அந்த விதி இடமளித்தது. அவர் கைதட்டவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சலுகை அக்டோபர் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இடையில் பயிற்சியாளர் ஒருவருடன் பல மணி நேரம் பறந்து கையைப் பழக்கிக்கொண்ட பின்னரே, நவம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று அவர் எங்களை அழைத்தார். ஒரு பயணிக்குத்தான் இடம் என்பதால் நான் ஹேங்கர் வாசலில் நின்றுகொண்டேன். பதினாறு வயதாகிவிட்ட என் மகள் இறக்கைக்கு அடியில் குனிந்து, தானே எரிபொருளை வடித்து, குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அது இன்னும் நீலமாகத்தான் இருந்தது. அவள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, பெரியவரிடம் நீட்டினாள்.