முழங்காலில் உலோகத்தோடு விமான நிலையச் சோதனை

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் பயணத்துக்கு அனுமதி கொடுத்ததும் விமான டிக்கெட் எடுத்தோம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. "மெட்டல் டிடெக்டர் கத்துமே, எல்லார் முன்னாலயும் தனியா நிக்க வெச்சுடுவாங்களே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கத்தும்தான். செயற்கை மூட்டில் கோபால்ட்-குரோமியக் கலவையும் டைட்டானியமும் இருக்கும். வாசல் போல நிற்கும் டிடெக்டர் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, அதில் உலோகம் ஏற்படுத்தும் மாற்றத்தை உணர்கிறது. அந்த உலோகம் சட்டைப்பையில் இருக்கிறதா, எலும்போடு சேர்ந்து இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மருத்துவரின் கடிதம் இருந்தாலும் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. அதனால் நான் ஒன்றை முடிவு செய்தேன்: அம்மாவிடம் கழற்ற முடியாத அந்த ஒரு பொருள் மட்டுமே ஒலிக்க வேண்டும். பெல்ட், கடிகாரம், நாணயம், சாவி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, திரும்பத் திரும்ப நடக்கவிடுவதுதான் வலியுள்ள காலுக்குப் பெரிய தண்டனை.

உடையை அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. தேவைப்பட்டால் முழங்கால் வரை சுருட்டிவிடலாம். மேலே உலோகப் பொத்தானோ ஜிகினாவோ உலோக நூல் வேலைப்பாடோ இல்லாத பருத்திச் சட்டை. தொளதொளவென்ற உடை வசதிதான், ஆனால் கைகளைத் தூக்கி நிற்கச் சொல்லும் உடல் ஸ்கேனரில் துணி மடிப்புகளே சந்தேகத்தைக் கிளப்பி, கையால் தடவிப் பார்க்க வைக்கும். உடம்போடு ஓரளவு பொருந்திய உடையே நல்லது. குளிருக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை, சட்டென்று கழற்ற வருவதாக.

காலணி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ஒருவர் ஷூவுக்குள் வெடிபொருள் வைத்துக்கொண்டு ஏறிய பிறகுதான் ஷூக்கள் மீது இவ்வளவு கவனம். எல்லோரும் கழற்ற வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2025 ஜூலையில் கைவிட்டது. ஆனாலும் எங்கே வேண்டுமானாலும் கழற்றச் சொல்லலாம். சில ஷூக்களின் அடிப்பாகத்தில் எஃகுத் தகடு இருக்கும், அது வேண்டாம். குனியாமல் மாட்டிக்கொள்ளும் ஷூ, உள்ளே காலுறை. நெடுநேரம் உட்கார்ந்தால் பாதம் வீங்கும் என்பதால் கொஞ்சம் இளகிக் கொடுப்பதாகவும் பார்த்து எடுத்தோம்.

அப்புறம் பை. திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு, 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு சதித்திட்டம் பிடிபட்டதையடுத்து வந்தது. புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு; 150 மில்லி புட்டியில் கால்வாசி இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். பற்பசை, கிரீம், அம்மா காலுக்குத் தடவும் வலி ஜெல் எல்லாமே திரவக் கணக்கில்தான் சேரும். பைகளைச் சோதிக்கப் புதிய ஸ்கேனர் உள்ள சில விமான நிலையங்களில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் இடையில் மாறும் நிலையத்திலும் திரும்பி வரும் நிலையத்திலும் அப்படி இருக்காது என்றால் அங்கே மாட்டுவோம், அதனால் நான் 100 மில்லியையே பின்பற்றினேன். பயணத்தில் தேவைப்படும் திரவ மருந்துக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஆனால் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டிவிட வேண்டும். மாத்திரைகள் முழுவதும், மருந்துச் சீட்டோடு, கைப்பையில்தான் இருந்தன. பெரிய பெட்டி வராமல் போனாலும் மருந்து நம்மிடம் இருக்கும்.

பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பகுதிக்குப் போகக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் ஆட்கள் உடனே கவனிக்க முடியும் என்பதே காரணம். அதில் சேமிக்கக்கூடிய மின்சாரம் 100 வாட்-ஹவர் வரை என்றால் தனி அனுமதி தேவையில்லை, பவர் பேங்கில் 3.7 வோல்ட் 20,000 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அது 74 வாட்-ஹவர்தான். லேப்டாப்பை மேலாக வைத்தேன். சார்ஜர், கேபிள், புத்தகங்களை ஒரே இடத்தில் குவிக்கவில்லை. அடர்த்தியாகக் குவிந்தால் எக்ஸ்ரே படத்தில் அடியில் இருப்பது தெரியாது, பையைத் திறந்துவிடுவார்கள்.

கடிகாரம், போன், சாவியை வரிசையில் நிற்கும்போதே பைக்குள் போட்டு ஜிப்பை மூடினோம். தட்டில் தனியாகக் கிடக்கும் சின்னப் பொருள்தான் பெரும்பாலும் மறந்துபோகிறது. டிடெக்டருக்கு முன்பே நான் அதிகாரியிடம் அம்மாவின் முழங்காலில் உலோகம் இருப்பதைச் சொன்னேன். அவர் உடல் ஸ்கேனருக்கு அனுப்பினார். திரையில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் மனித உருவப் படத்தில், முழங்காலில் மட்டும் ஒரு பெட்டி அடையாளம். ஒரு பெண் அதிகாரி வந்து, "தனி அறை வேணுமாம்மா?" என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றதும், அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பார்த்து அனுப்பிவிட்டார். அம்மாவின் கைத்தடி எக்ஸ்ரேயில் போயிருந்த நேரத்துக்கு, நாங்கள் கேட்டதும் வேறொரு தடி கொடுத்தார்கள். இது நாம் கேட்டால்தான் கிடைக்கும், கட்டாயம் கேளுங்கள்.

திரும்பும்போது வேறு நிலையத்தில் ஷூவையும் கழற்றச் சொன்னார்கள், லேப்டாப்பையும் வெளியே எடுக்கச் சொன்னார்கள். இரண்டும் தயாராக இருந்ததால் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தே அதையும் முடித்துவிட்டோம்.