நேர்கோட்டில் ஓடும் கப்பல்

கடலில் எதைப் பார்த்துப் போவீர்கள் என்று முல்லைத்தீவில் தொழில் செய்பவர்களைக் கேட்டால், பலர் பறவையைத்தான் சொல்வார்கள். ஆலாக்கள் கூட்டமாக விழுந்தெழும் இடத்தில் சூரை மீன் மேலே வந்திருக்கும். சில வேளைகளில் ஓங்கில்களும் (டொல்பின்கள்) நிற்கும். திமிங்கிலம், ஓங்கில், கடற்பறவை ஆகியவற்றைக் கணக்கெடுக்கும் ஆய்வுக் கப்பலில் அவதானிப்பாளனாகச் சேர்ந்தபோது, வன்னிக் கரையில் பழகிய இந்தப் பார்வையைத்தான் நான் முதலில் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆய்வுக் கப்பல், வரைபடத்தில் முன்கூட்டியே குறித்த நேர்கோடுகளில் ஓடுகிறது. விலங்குகள் கூடுமிடம் பார்த்துக் கோடு போட்டால், அங்கே கிடைக்கும் எண்ணிக்கையை வைத்து முழுக் கடற்பரப்புக்கும் மதிப்பீடு செய்ய முடியாது. திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே ஆழமாக இறங்குகிறது. பெருந்திமிங்கிலங்கள் அப்பக்கம் வருவது, 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற ஆய்வுப் படகு அங்கு பணியாற்றிய காலத்திலிருந்தே தெரிந்த விடயம். அதற்காக, முல்லைத்தீவுக்கு வெளியே ஆழம் குறைந்த பகுதியில் விழும் கோடுகளை விட்டுவிட இயலாது.

மேல்தளத்தின் இரு பக்கங்களிலும் நிலைத்தாங்கியில் பொருத்திய பெரிய தொலைநோக்கிகள் இருக்கும். மூச்சுவிடும்போது எழும் நீர்ப்புகையைக் கண்டவுடன், கப்பலின் முன்முனையிலிருந்து அது எத்தனை பாகையில் உள்ளது என்பதையும், கண்ணாடியில் பொறித்த அளவுக்கோடுகளின்படி அடிவானத்திலிருந்து எவ்வளவு கீழே உள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்விரண்டிலிருந்தும் ஓட்டக்கோட்டுக்குச் செங்குத்தான தூரம் கணிக்கப்பட, தூரம் கூடக்கூட எவ்வளவு விலங்குகள் கண்ணில் படாமல் போகின்றன என்பதை அத்தூரங்களின் பரம்பலே காட்டிவிடும். நீர்ப்புகை நேராக உயர்ந்தால் நீலத் திமிங்கிலமாக இருக்கலாம். முன்னோக்கி இடப்புறம் சாய்ந்தால் எண்ணெய்த் திமிங்கிலம்.

பறவைகளுக்கு முறை வேறு. ஒரு பக்கத்தில் 300 மீற்றர் அகலப் பட்டைக்குள் மட்டும் எண்ணுகிறோம். பறந்துகொண்டிருப்பவற்றைத் தொடர்ந்து எண்ணினால் தொகை பெருகிவிடும் என்பதால், குறித்த இடைவெளிகளில் அந்தக் கணத்தில் பட்டைக்குள் இருப்பவை மட்டுமே கணக்கில் வரும். கப்பலைப் பின்தொடர்பவை தனியாக எழுதப்படும்.

"தம்பி, உதில ஆலா விழுது, திருப்பச் சொல்லுங்கோ" என்று தளத்தில் வேலைசெய்த எங்கள் ஊர் அண்ணை ஒருவர் பொறுமையிழந்து சொல்வார். "முதல்ல எழுதவேணும் அண்ணை" என்பேன். தூரமும் பாகையும் பதிந்தபின், இனத்தையும் கூட்டத்தின் அளவையும் உறுதிசெய்வதற்காகக் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டுக் கப்பல் கிட்டப் போவதுண்டு. ஆனால் அந்த விலகலின்போது புதிதாகக் காண்பவை மதிப்பீட்டில் சேர்வதில்லை.

பதிவுத்தாளில் 'எதனால் கண்டது' என்றொரு நிரல் இருக்கிறது: நீர்ப்புகை, நீர்த்தெறிப்பு, உடல், பறவைக்கூட்டம். மேலே பறவைகள் வட்டமிடும் ஓங்கில் கூட்டம், பறவையில்லாத கூட்டத்தைவிட மிகத் தொலைவிலேயே தெரிந்துவிடுவதால், இரண்டையும் ஒன்றாக்கிக் கணித்தால் விடை பிழைக்கும். அண்ணையின் கண் கணக்குக்குள் நுழைவது அந்த நிரல் வழியாகத்தான். ஆகவே அதை வெற்றாக விட்டு வரும் புதியவர்களிடம் நான் சற்றுக் கடுமையாகவே நடந்துகொள்கிறேன்.