ஆறாவது ரோபோவின் இடது கை

டிசம்பர் 2
மழை. ஆறு ரோபோ பொம்மைகளுக்கும் ப்ரைமர் (வர்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சு) அடிக்க முடியவில்லை.

டிசம்பர் 3
பத்து மணிக்கு வானம் வெளித்தது. ஸ்பிரே டின்னைக் குலுக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ஆறில் இரண்டுக்கு அடித்து முடிக்கவும் தூறல். காய்ந்த பிறகு பார்த்தால் கருப்புக்கு மேல் சாம்பல் பூத்து, தொட்டால் மண்கடதாசி போலச் சொரசொரக்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துகொண்டே அடித்தேன். இரண்டையும் பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருக்கிறேன். நாளை பழைய பற்தூரிகையால் தேய்க்க வேண்டும். இனிப் பிரஷ்தான்.

வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் மனைவிக்கு மணம் ஒத்துக்கொள்ளவில்லை. மேசையோடு விறாந்தைக்கு வந்துவிட்டேன்.

டிசம்பர் 5
கொட்டிலில் நிற்கும் மாமாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு முன்னால் பலகை போட்டு அரை மணிநேரம் குந்தியிருந்தேன். துருப் பூசுகிறேன் என்று பலர் ரோபோவின் உடம்பு முழுக்கச் செம்மஞ்சளை அப்பிவிடுகிறார்கள். துரு அப்படி வராது. தண்ணீர் தங்கும் இடத்தில்தான் பிடிக்கும்: மட்காட்டின் கீழ் விளிம்பு, ஆணித் தலையைச் சுற்றி, ஒட்டு வைத்த இடம். செம்மஞ்சள் என்பது நேற்றைய துரு. பழைய துரு கரும்பழுப்பு, ஏறக்குறையக் கருப்பு. வலப்பக்க ஆணிக்குக் கீழே ஒரு கோடு இறங்குகிறது. மேலே தடித்து, நடுவில் மறைந்து, முடிவில் மறுபடி தெரிகிறது. அதை அப்படியே முதலாவது ரோபோவின் தொடையில் இறக்கினேன். பாத்திரம் கழுவும் பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்துக் கரும்பழுப்பை ஒற்றி, அதற்குள் மட்டும் ஊசிமுனை அளவு செம்மஞ்சள். 28 மில்லிமீற்றர் உருவத்தில் தொடை ஒரு நெல்மணி நீளம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

மாமா பின்னால் நின்று பார்த்தார். மனிதர் எல்லோரும் போய் நூறு வருடமான உலகம் மாமா, இயந்திரங்கள் மட்டும்தான் மிச்சம் என்றேன். "அப்படியென்றால் இதுகளுக்கு எண்ணெய் விடுவது யார், மருமகன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 6
கிளினிக். அவளுக்குப் பிரஷர் 130/85. மாமி கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டார்.

டிசம்பர் 8
குறைத்த உப்பு எனக்கு உதவியது. பழுப்புப் பூசிக் காய்ந்த ரோபோ உடம்பை ஈரமாக்கி, அங்கங்கே உப்பைத் தூவி, அதன் மேல் மஞ்சள் வர்ணம் பூசி, காய்ந்ததும் விரலால் தேய்த்தால் உப்பு உதிரும். உதிர்ந்த இடத்தில் பழுப்புத் தெரியும். வர்ணம் பெயர்ந்தது போலவே இருக்கும். ஆனால் ஆனையிறவு உப்பு கல்லுக் கல்லாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 2 மில்லிமீற்றர் கல், 1:56 அளவில் அது நிஜத்தில் 11 சென்ரிமீற்றருக்கு மேலான பெயர்ப்பு. உரலில் இடித்தேன். இடித்த உப்பு மழை ஈரத்தில் கசிந்து களியாகிவிட்டது. அடுப்படியில், சூட்டுச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். நான்கு நன்றாக வந்தன. ஐந்தாவது சொறி பிடித்தது போல இருக்கிறது. இருக்கட்டும், அது பின்வரிசை.

ஆறாவதின் இடது கை பெட்டியிலேயே வரவில்லை.

டிசம்பர் 9
கை. பேனா ஸ்பிரிங்கை முழங்கையாக்கி, மாமாவின் இன்சுலின் ஊசி மூடியைத் துப்பாக்கிக் குழலாக்கினேன். தோளோடு சேரவில்லை. சுப்பர் குளூ விட்டு அப்பச்சோடாவைத் தூவினால் அடுத்த கணமே கல்லாகும், நெடி கண்ணில் ஏறும். கல்லானது, கோணலாக. அரத்தால் அராவி எடுத்தேன்.

மாமி அப்பச்சோடாவைத் தேடுகிறார். வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 10
மச்சான் மாங்குளத்திலிருந்து போன் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆறும் மேசையில் நிற்க வேண்டுமாம், கையில்லாததைச் சேர்க்கமாட்டானாம். பகடையில் எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறான்! அக்கா எப்படி இருக்கிறாள் என்று கடைசியில்தான் கேட்டான்.

டிசம்பர் 13
144/92. சிறுநீரில் புரதம் இல்லையாம். நாளை மறுநாள் மறுபடி பார்ப்பார்களாம், கூடினால் வார்ட்டில் மறிப்பார்களாம். இப்போதே மறித்தால் என்ன என்று கேட்டேன். பதில் வரவில்லை. இரணைமடுக் குளம் 34 அடியைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். 36 அடி வரை தாங்கும். கதவைத் திறந்தால் கனகராயன் ஆறு எங்கள் முரசுமோட்டைக்கு வந்து நிற்கும், பரந்தன் வீதி போய்விடும். ஓட்டோ வராது. மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்ற முடியாது. பக்கத்து வீட்டு வான் இரண்டு கிழமையாக ஓடவில்லை. குடும்பநல உத்தியோகத்தரின், அதாவது மருத்துவிச்சியின், நம்பரை மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவள் ஒன்றைக் கிழித்துவிட்டாள், பார்க்கப் பயமாக இருக்கிறதாம். மாமி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருக்கிறார். பிள்ளையாரிடம் போகவும் அதே வெள்ளத்தைத்தான் கடக்க வேண்டும்.

இரவு ஒரு மணிக்கு எழுந்து இரண்டாவது ரோபோவின் பாதத்துக்குச் செம்மண் அரித்துப் பூசினேன். தேவையே இல்லை.

டிசம்பர் 14
மாமா லான்ட்மாஸ்டரை வெளியே எடுத்திருக்கிறார். இடுப்பளவு தண்ணீரிலும் போகும் என்கிறார். இழுவைப் பெட்டியைப் பூட்டி, மேலே படங்கு கட்டி, எண்ணெய் மாற்றி, மட்காட்டை மண்கடதாசியால் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டார். என் கோடு போய்விட்டது! மூன்றாவது ரோபோவுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். சொன்னால் அடிப்பார்.

டிசம்பர் 15
138/88. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கைக்கு வழி கிடைத்தது. துப்பாக்கி வேண்டாம், எண்ணெய்க் கேத்தல். அதே ஊசி மூடி, அடிப்பக்கம் வெட்டி, மூக்குக்குச் செப்புக் கம்பி. மூன்று விரல் போதும். ஆயுதம் இல்லாததை எந்த விதியில் சேர்ப்பது என்று மச்சான் கத்துவான்.

டிசம்பர் 16
ஆட்டத்தை மச்சானே தள்ளிப்போட்டான். வீதியில் முழங்கால் தண்ணீர்.

டிசம்பர் 17
விடிய நாலு மணி. இடது கையால் எழுதுகிறேன். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒட்டிக்கிடக்கின்றன, கேத்தலோடு. வெந்நீரில் வைத்தும் விடவில்லை. மாமி பையைக் கட்டுகிறார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கிறாள், பிறகு சிரிக்கவில்லை. லான்ட்மாஸ்டர் இரண்டு தடவை இருமிவிட்டு