கரைவலை இழுக்கும் கால்களை வரைந்து பழகுகிறேன்

உருவம் வரையப் பழகும்போது நான் அதிக நேரம் செலவிடுவது கால்களுக்குத்தான். அதற்குத் தனுஷ்கோடிப் பக்கத்துக் கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கரைவலை இழுப்பவர்கள் கைலியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டியிருப்பார்கள். இடுப்பிலிருந்து விரல் வரை எது எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கேட்டுக்கொண்டுதான் வரைகிறேன். “காலை மட்டுமா வரையிற? முகத்தையும் போடு தம்பி” என்றார் ஓர் அண்ணன். அவருக்கு முகத்தோடு தனியாக ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

முதலில் தசையைத் தொடுவதில்லை. எலும்பு தோலை ஒட்டி வரும் இடங்களை மட்டும் 2பி பென்சிலால் லேசாகக் குறிக்கிறேன்: முழங்கால் சில்லு, அதற்குக் கீழே கால் நெடுக ஓடும் முன்னெலும்பின் விளிம்பு, கணுக்காலின் இரண்டு புடைப்புகள், குதிகால். ஆள் மெலிந்தவரோ பருத்தவரோ, இந்த இடங்களை நம்பலாம்.

அப்புறம்தான் சதை. இதுவரை பழகியதில் எனக்கு மிகவும் கைகொடுத்த விஷயம் இது: காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. முழங்காலுக்கு மேல் உட்பக்கத் தொடைச்சதை தாழ இறங்கும், வெளிப்பக்கத்தது உயரத்திலேயே முடிந்துவிடும். ஆடுசதையிலும் அதே கதை, உட்பக்கம்தான் தாழ்வு. கணுக்காலுக்கு வந்தால் நேர்மாறு. உட்புடைப்பு உயரம், வெளிப்புடைப்பு தாழ்வு, சற்றுப் பின்தள்ளியும் இருக்கும். உட்புடைப்பு தடித்த முன்னெலும்பின் நுனி. வெளிப்புடைப்பு பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பின் நுனி. இந்தச் சாய்வுகளைச் சரியாகப் போட்டாலே கோட்டுப்படத்தில் கால் நிற்க ஆரம்பிக்கிறது.

வலை கனக்கும்போது பார்க்க வேண்டும். பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவார்கள். முன்பாதம் தூக்கும் அந்த நொடியில் கணுக்காலுக்கு முன்னால், உட்பக்கமாக ஒரு தசைநாண் கயிறுபோல் எழும்பும். முழங்கால் மடங்கினால் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நாண்கள் விறைக்கும். வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரைக்கு வந்ததும் குத்தவைத்து மீன் பிரிப்பார்கள். அப்போது அதே ஆடுசதை தளர்ந்துவிடும், ஏனென்றால் ஆடுசதையில் மேலடுக்காக இருக்கும் தசை முழங்காலையும் தாண்டித் தொடை எலும்பில் ஒட்டியிருக்கிறது. முழங்கால் மடங்கினால் அதன் இழுவிசை குறைந்துபோகும். நின்ற காலையும் உட்கார்ந்த காலையும் ஒரே வடிவத்தில் வரையக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

பாதத்துக்கு அலை குறைந்த பாக் நீரிணைப் பக்கம் போகிறேன். ஈர மணலில் சுவடு கலையாமல் நிற்கும். குதிகால், வெளி ஓரம், விரல்களின் அடிமேடு ஆகியவை பதியும்; உட்பக்க வளைவு பெரும்பாலும் பதியாது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள்: கணுக்கால் பக்கம் 7, நடுவில் 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று மூன்று.

அடுத்து எடுத்திருப்பது பெருவிரல். வலையைச் சரிபார்ப்பவர்கள் கண்ணியைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். விரல் மேலே வளையும்போது உள்ளங்காலின் வளைவும் உயர்கிறது. அந்த உயர்வைப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கப் பார்க்கிறேன். நிழல் இன்னும் சரியாக விழவில்லை.