மாவுக்கட்டோடு ஒரு கைக்குழந்தை

எங்கள் ஊர்ப் பக்கம் கைக்குழந்தை ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டு சிணுங்கினால், "உரம் விழுந்திருக்கும்" என்பார்கள். சேலையில் குழந்தையைக் கிடத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுப்பார்கள். என் மகனுக்கும் எடுத்தார்கள். அப்போது அவனுக்கு ஏழெட்டு மாதம் இருக்கும். உரம் எடுத்த மறுவாரம் என் அம்மா அவனைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள், முதுகில் கையை நிறுத்தி, "இந்தப் பக்கம் விலா மட்டும் ஒசரமா இருக்கு, தொட்டுப் பாரு" என்றாள். இடது பக்கம். தடவிப் பார்த்தால் நன்றாகத் தெரிந்தது. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மேடு.

குழந்தை மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "லேசா வளைவு இருக்கு, வளர வளரச் சரியாயிடும், ஒரு வயசு ஆகட்டும் பார்க்கலாம்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர்; மூன்று வயதுக்குள் வருகிற இந்த வகையில் பெரும்பாலானவை தானாகவே நேராகிவிடும். நேராகாமல் போகிறவை மட்டும் வேகமாக வளைந்துகொண்டே போகும். நம் பிள்ளை இதில் எந்தப் பக்கம் என்பதைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்து அளந்தால்தான் தெரியும். அந்த எக்ஸ்ரேயை அவர் எழுதித் தரவில்லை. என் வீட்டுக்காரர்தான் பிடிவாதமாகக் கோயம்புத்தூரில் முதுகெலும்பு மட்டுமே பார்க்கும் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினார்.

அந்த டாக்டர் படத்தைத் திரையில் போட்டு எங்கள் முன்னாலேயே கோடு போட்டார். வளைவின் மேல் எலும்புக்கு ஒரு கோடு, கீழ் எலும்புக்கு ஒரு கோடு, இரண்டும் வெட்டும் கோணம் 34 டிகிரி. இதற்குக் காப் கோணம் என்று பெயர். 10-க்கு மேல் போனாலே ஸ்கோலியோசிஸ்தான். அப்புறம் வளைவின் நட்டநடுவில் இருக்கும் எலும்பில் இரண்டு பக்கமும் விலா எந்தச் சாய்வில் வந்து ஒட்டுகிறது என்று தனித்தனியாக அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். 26 வந்தது. "இது 20-க்குக் கீழே இருந்திருந்தா வீட்டுக்குப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன்" என்றார். இந்தக் கழித்தல் கணக்கை 1972-ல் சொன்னவர் மின் மேத்தா என்ற பெண் மருத்துவர். லண்டனில் உள்ள ஸ்டான்மோர் எலும்பு மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். இப்போது எங்கள் வீட்டில் சொந்தக்காரர் பெயர்போல அடிபடுகிறது.

காரணம் என்ன என்று அத்தை கேட்டார். அவருக்குத் தூளிமேல் சந்தேகம். என் அம்மாவுக்கு உரம் எடுத்தவர்கள்மேல் சந்தேகம். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்து, "காரணம் யாருக்கும் தெரியாதுங்கம்மா. ஆண் குழந்தைங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வருது, இடது பக்கம் வளையறது அதிகம், பின்தலை ஒரு பக்கம் தட்டையா இருக்கறதும் கூடவே வரும். இவ்வளவுதான் தெரியும். யார் படுக்க வெச்சாங்க, எப்படிப் படுக்க வெச்சாங்கன்னு வீட்டுல பஞ்சாயத்து வேண்டாம்" என்றார். மகனின் பின்தலை ஒரு பக்கம் தட்டைதான். பஞ்சாயத்து முழுசாக நிற்கவில்லை, ஆனால் சத்தம் குறைந்தது.

அடுத்தது எம்ஆர்ஐ. வளைவு 20 டிகிரிக்கு மேல் இருக்கும் இந்த வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தண்டுவடத்திலோ மூளையின் அடிப்பகுதியிலோ ஏதாவது கோளாறு ஒளிந்திருக்குமாம். தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டிபோல இருக்கலாம், தண்டுவடத்தின் நுனி கீழே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்க்காமல் முதுகைத் தொடக்கூடாது. ஆடாமல் படுக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். எங்களுக்குப் படம் சுத்தமாக வந்தது.

காத்திருக்கும் இடத்தில் சேலம் பக்கத்து அக்கா ஒருவரைப் பார்த்தேன். அவர் மகளுக்கும் வளைவுதான், ஆனால் காரணம் வேறு. கருவிலேயே ஒரு முதுகெலும்பு முழுதாக உருவாகாமல், பாதியாக, ஆப்பு மாதிரி நின்றுவிட்டது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகத்துக்கு ஸ்கேனும் இதயத்துக்கு எக்கோவும் கட்டாயம் எடுக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் கருவில் அதே காலத்தில் உருவாகும் உறுப்புகள் அவை. எலும்பே அந்த வடிவத்தில் இருக்கும்போது கட்டுப் போட்டு நேராக்க முடியாது. "உங்க பையனுக்குக் கட்டு, எம் பொண்ணுக்குக் கத்தி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஸ்கோலியோசிஸ் என்று யாராவது சொன்னால் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சரியான வழி நம் குழந்தைக்கு ஆகாமல் போகலாம்.

எங்களுக்குச் சொன்னது மாவுக்கட்டு. கை கால் உடைந்தால் போடுகிற அதே மாவுதான், ஆனால் வேலை வேறு. இரண்டு வயதுக்குள் குழந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது! வளைந்த முதுகை அந்த வளர்ச்சி இன்னும் வளைக்கும். நேராகப் பிடித்து வைத்திருந்தால் அதே வளர்ச்சியே நேராக்கும். கட்டு பிடித்துக்கொள்ள மட்டும்தான், நிமிர்த்துவது குழந்தையின் உடம்பு. மேத்தா 2005-ல் 136 குழந்தைகளின் கணக்கை வெளியிட்டார். சராசரியாக 19 மாதத்தில் வந்து, வளைவும் 32 டிகிரி அளவில் இருந்த 94 பேருக்கு முதுகு முழுதாக நேரானது. சராசரி 30 மாதத்தில், 52 டிகிரியோடு வந்த மற்ற 42 பேருக்கு வளைவைக் குறைக்க முடிந்ததே தவிர நேராக்க முடியவில்லை. இந்த இரண்டு வரியைப் படித்ததும் "ஒரு வயசு ஆகட்டும்" என்ற வார்த்தைமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கட்டுக்கும் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மார்பை அழுத்தி வடிவம் கொடுக்கும்போது மூச்சு தடைபடாமல் இருக்கத் தொண்டையில் குழாய் போடுவார்கள். மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-ல் எச்சரித்ததை என் வீட்டுக்காரர் எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டார். டாக்டர் மழுப்பவில்லை. "கவலைப்பட வேண்டிய விஷயம்தான். இந்தப் பக்கம் பாருங்க, நெஞ்சுக்கூடு சுருங்கினா நுரையீரல் வளர இடமில்ல. இந்த வயசுல விட்டா அப்புறம் அது சரியா வளராது. ரெண்டையும் தராசுல வெச்சுத்தான் சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

கட்டு நாள் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். திட உணவும் பவுடர் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன், தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிப் பால் கொடுத்துவிட்டு, விடிந்து அவன் கேட்கும்போது கொடுக்காமல் இருப்பதுதான் அன்றைய நாளில் கஷ்டமான வேலை. என்னைப் பார்த்தாலே பாலுக்கு அழுவான் என்பதால் அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு நான் கேண்டீன் பக்கம் போய்விடுவேன். சளி, இருமல் இருந்தால் மயக்க மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார், எங்களையும் அனுப்பியிருக்கிறார்.

உள்ளே தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் மெதுவாக இழுத்துப் பிடிக்கும் ஒரு சட்டத்தில் படுக்க வைத்து, தையல் இல்லாத பனியன் மாட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மாவு சுற்றுகிறார்கள். மாவு இறுகும்வரை டாக்டர் தன் இரண்டு கையாலும் விலா மேட்டைத் திருப்பிப் பிடித்திருப்பார். பக்கவாட்டில் தள்ளக்கூடாதாம், திருப்ப வேண்டுமாம். இறுகியதும் முன்னால் வயிற்றுக்குப் பெரிய ஜன்னல் ஒன்று வெட்டுவார்கள், சாப்பிடவும் மூச்சு விடவும். பின்னால் பள்ளமான பக்கத்தில் சின்ன ஜன்னல் ஒன்று, உள்ளே போயிருக்கும் விலா வெளியே வர. எங்களுக்கு அக்குளுக்குக் கீழிருந்து இடுப்புவரை. வளைவு மேலே இருந்தால் தோள்மேலும் பட்டை வரும்.

முதல் இரண்டு மூன்று நாள் மோசம். புரள வராது, உட்கார்ந்தால் தலை கனத்ததுபோலச் சாய்வான், கோபத்தில் முகம் சிவந்துவிடும். வாந்தி நிற்காமல் எடுத்தாலோ கால்விரல் நிறம் மாறினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி முழுக்கக் கால்விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் கட்டோடு தவழ்ந்து சமையல்கட்டுக்கு வந்து பாத்திரத்தை உருட்டினான். குழந்தைகளுக்குப் பழகுவது சீக்கிரம், நமக்குத்தான் ஆகாது. என் அண்ணன் மகன் அவன் வயிற்றில் தவில் வாசிப்பான், இவன் அதற்குச் சிரிப்பான்.

பெரிய எதிரி வெயில். கத்திரி வெயிலில் மாவுக்கட்டோடு ஒரு குழந்தையை வைத்துக்கொள்வது என்ன என்று பக்கத்துக் கேரளாவில் இருப்பவர்களுக்குக்கூடப் புரியாது. தவணையில் ஏசி வாங்கினோம். ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து ஜன்னல் வழியாக உள்ளே அடிப்போம். பவுடர் போடவே கூடாது, வேர்வையில் கட்டிபட்டுப் புண்ணாகும். அரிப்புக்குக் குச்சி, சீப்பு எதையும் உள்ளே விடக்கூடாது. கட்டின் ஓரம் அக்குளையும் தொடையையும் உராயும். அங்கே மெத்தென்ற ஒட்டும் பட்டை ஒட்டி, அழுக்கானதும் மாற்றுவோம். டயாப்பரில் சின்ன அளவு ஒன்றைக் கட்டுக்கு உள்ளே செருகி, பெரிய அளவு ஒன்றை அதன்மேல் போட்டால் சிறுநீர் மேலே ஏறாது. இதைச் சொல்லித்தந்தது டாக்டர் இல்லை, கட்டறை சிஸ்டர். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்தோம். ராத்திரி டார்ச் அடித்து உள்ளே பார்ப்பது என் வீட்டுக்காரர் வேலை. பொரி, பருப்பு, ஒருமுறை என் தோட்டின் திருகாணி, எல்லாம் அங்கிருந்து வந்திருக்கிறது. தூக்கும்போது அக்குளில் கை கொடுக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்பதைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது.

பேருந்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கீங்க கீழ போட்டீங்க?" முதலில் விளக்கம் சொன்னேன். பிறகு "பொறக்கும்போதே முதுகு வளைவுங்க" என்று தப்பாகவே சொல்லி முடித்துக்கொண்டேன். நாலு நிறுத்தத்துக்குள் சரியாகச் சொல்ல நேரம் இல்லை. குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் தள்ளிப்போடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டோடுதான் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தான். வேட்டி கட்ட முடியாததால் கட்டின்மேலேயே பட்டுத்துணியைச் சுற்றிவிட்டோம்.

பணம் பற்றி ஒன்று. எங்கள் காப்பீட்டில் "24 மணி நேரம் படுக்கவில்லை, அறுவையும் இல்லை" என்று முதல் கட்டுக்குத் தர மறுத்தார்கள். முழு மயக்கத்தில் ஆபரேஷன் தியேட்டரில் செய்யப்பட்டது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி மேல்முறையீடு செய்த பிறகு தந்தார்கள். அந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குள் கட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், வளர வளர இடைவெளி கூடும். முந்தின நாள் மாலையே பழைய கட்டை வெட்டித் தரக் கேட்டுக்கொள்வோம். வெட்டும் கருவி அதிர்வில் மாவை வெட்டும், சரியாகப் பிடித்தால் தோலை வெட்டாது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவன் என் கழுத்தை நெரித்துவிடுவான். லாட்ஜுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைப்போம். வயிற்றிலும் முதுகிலும் செத்த தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து மிதக்கும். தேய்க்கக்கூடாது, ஊறினால் தானே வரும். தண்ணீர் ஆறிய பிறகும் எழுந்திருக்க மாட்டான்.

முதல் கட்டுக்குள் எடுத்த படத்திலேயே 34 என்பது 17 ஆகியிருந்தது. ஒன்றரை வயது தாண்டியதும் கட்டு இல்லாமல் எடுத்ததில் 12. அதற்குப் பிறகும் கட்டு தொடர்ந்தது. படம் 10-க்குக் கீழே வந்தும் உடனே விடவில்லை; கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் பிரேஸுக்கு மாற்றினார்கள். இப்போது தூங்கும்போது மட்டும் போடுகிறான். வெல்க்ரோ பட்டையை அவனே பிரித்துவிடுவதால் பின்பக்கம் ஒட்டும்படி மாற்றி வாங்கினோம்.

சேலம் அக்காவின் மகளுக்குப் பாதி எலும்பை எடுத்துவிட்டார்கள், நன்றாக நடக்கிறாள். அங்கேயே பார்த்த இன்னொரு பையன் ஐந்து வயதில்தான் வந்தான். முதுகில் கம்பி வைத்து, வளர வளர அதை நீட்டுகிறார்கள். வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டுகிற கம்பியும் இருக்கிறதாம், விலை கேட்டுவிட்டு அவன் அப்பா பழைய வகைக்கே போனார்.

எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு படம், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் வளர்த்தி எடுக்கும்போது மறுபடி கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஜூனில் எல்கேஜி. சேர்க்கைப் படிவத்தில் உடல்நலம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் இரண்டு கட்சி. இவர் ஒன்றும் எழுத வேண்டாம் என்கிறார். நான் டாக்டர் சீட்டின் நகலையே இணைத்துவிட்டேன்.