லோயர் ஆர்ம் புஷ்: இடது பக்கம் முடிந்தது

நேற்று மாலை வேகத்தடை மேல் மெதுவாக ஏற்றி இறக்கினேன். இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்ம், காரின் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். போன முறை பட்டறையில் கொடுத்து மாற்றிய புஷ் 11 மாதம்கூடத் தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால், அதன் நடுவில் இருக்கும் உலோகக் குழாயான உள் ஸ்லீவைச் சுற்றி ரப்பர் வளையமாகக் கிழிந்திருந்தது. பொருளில் குறையில்லை, சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே நட்டை முழுதாக இறுக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்த வகைப் புஷ்ஷில் எதுவும் உராய்ந்து சுழல்வதில்லை. உள் ஸ்லீவை போல்ட் காரின் உடலில் உள்ள பிராக்கெட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, வெளி ஸ்லீவ் ஆர்மோடு அசைகிறது, நடுவில் ஒட்டப்பட்ட ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கேறிவிடும். வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. பள்ளம் வரும்போது அதன் மேல் இன்னும் ஏறும். பிறகு எப்படித் தாங்கும்?

எனவே ஜாக்கி போடுவதற்கு முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வைத்தேன்: 372 மில்லிமீட்டர். ஆர்மை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் ஓட்டிவிட்டு, ஆர்ம் சக்கரத்தோடு சேரும் பால் ஜாயின்ட் பக்கம் இன்னொரு ஜாக்கி கொடுத்து அதே 372 வரும்வரை தூக்கினேன். இதில் ஒரு கண் காரைத் தாங்கும் ஸ்டாண்டின் மேலேயே இருக்க வேண்டும். காரின் உடல் ஸ்டாண்டை விட்டு எழும்பத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகுதான் டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவு இறுக்கும் ஸ்பானர். இறுக்கியதும் உள் ஸ்லீவிலிருந்து வெளி ஸ்லீவ் வரை வெள்ளை பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். காரை இறக்கி, கொஞ்சம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு உடையாமல் நேராக இருந்தது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற கெட்டி பிளாஸ்டிக் புஷ் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அதில் ஸ்லீவ் சுழலும் என்பதால் இந்த உயரக் கணக்கே தேவையில்லை, உண்மைதான். ஆனால் சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வையும் ஸ்டீயரிங்குக்கு அனுப்பும். பழைய காரில் ஏற்கெனவே இருக்கும் சத்தங்கள் போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷின் ரப்பரில் பிறை வடிவ வெற்றிடங்கள் இருந்தால், அவை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். பழையதைத் தள்ளுவதற்கு முன் ஆர்மில் குறி போடுங்கள். எனக்கு முதலில் வந்தது வெற்றிடமே இல்லாத கெட்டி ரப்பர், திருப்பி அனுப்பினேன்.

பழைய வெளி ஸ்லீவை ரம்பத்தால் உள்ளிருந்து அறுத்து மடக்கி எடுத்தேன். புதியதை ஃப்ரீசரில் வைத்தது பெரிய உதவியில்லை: 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு 40 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர்தான். துளையின் விளிம்பை அரத்தால் சற்றுச் சாய்த்துவிட்டதுதான் கைகொடுத்தது. சோப்புத் தண்ணீர் தடவி, வெளி ஸ்லீவின் விளிம்பில் மட்டும் அழுத்தம் விழும்படி குழாய்த் துண்டு வைத்து இழுத்தேன். சாதாரண திருகுக் கம்பியின் மரை பாதியிலேயே தேய்ந்தது. வலது பக்கத்துக்கு 10.9 தர (உறுதி கூடிய) போல்ட்டும், நட்டுக்கு அடியில் அழுத்தத்திலும் உராயாமல் சுழல ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வலது பக்கம் அடுத்த ஞாயிறு. அது முடிந்ததும் வீல் அலைன்மென்ட். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் கம்பியின் புஷ்களும் தளர்ந்திருப்பதைக் கீழே படுத்திருந்தபோதே பார்த்துவிட்டேன்; அவற்றுக்கான அளவை இப்போதே வெர்னியரால் எடுத்துக் குறித்தாயிற்று.