தாவும் சிலந்தியின் கண்கள்

மூன்று காலைப்பொழுதுகள் தேடியும் படத்துக்குச் சிக்காத தாவும் சிலந்தி, இன்று ஓர் இலையின் விளிம்பில் அசையாமல் அமர்ந்திருந்தது. அதன் கால்களிலுள்ள நுண்மயிர்கள் காற்றின் சிறு அசைவையும் உணர்ந்துவிடும் என்பதால், மூச்சை அடக்கி, என் நிழல் அதன்மேல் விழாதவாறு, மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைச் சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுபோனேன். பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் பதியும் 1:1 அளவில், லென்ஸின் துளையை எஃப் 11 என்று சுருக்கி வைத்தாலும் கூர்மையாகப் பதிவது ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான்; ஆகவே கண்களையே குறிவைத்தேன். எட்டுக் கண்களில் முன்னிருக்கும் பெரிய இரண்டில் கண்வில்லை (லென்ஸ்) அசைவதில்லை, உள்ளே விழித்திரை மட்டுமே நகர்கிறது. அந்த நகர்வில் தேன்நிறக் கண் ஒரு கணம் கருமையானதை இன்றுதான் நேரில் கண்டேன். சிலந்தியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கும் படங்களை என்னால் ஏற்க முடியாது. நான்காவது படம் எடுத்ததும், இலையில் நூலை ஒட்டிவிட்டு அது தாவி மறைந்தது.